நீ ஓடினா அவனுக்கு நோய் குணமாயிடுமா?

வருஷா வருஷம் ஜனவரி வந்தால் மும்பையில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். மாரத்தானுக்குப் பேர் கொடுத்தவர்கள் ஆபீஸ் ஆபீஸாக, வாட்ஸப் குரூப் குரூப்பாக நன்கொடை கேட்பார்கள். கேட்டவுடன் கொடுப்பவர் சிலர். கொடுத்துவிட்டு முணுமுணுப்பவர் பலர். "கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கணும்னா நான் நேரா அனுப்பிட்டுப் போறேன். அதுக்கு நீ எதுக்குய்யா ஓடணும்? நீ ஓடினா அவனுக்கு நோய் குணமாயிடுமா?" எங்கள் கேண்டீனில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஜனவரி கிடையாது.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓடினால் நோய் குணமாகாதுதான். பணம் மட்டும்தான் குறி என்றால் ஒரு ஆன்லைன் டிரான்ஸ்ஃபர் போதும், ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் என் கட்சி வேறு. கும்பலாகச் சேர்ந்து நிதி திரட்டுவதில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பணம் பாதிப் பயன். நோயிலிருந்து மீண்டவர் அந்தக் கும்பலுக்குள் நின்று கேட்கும்போது அவருக்குக் கிடைப்பது இன்னொரு பாதி. அந்த இரண்டாவது பாதியை எந்த ரசீதிலும் எழுத முடியாது. அதனால் நம்மில் பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இந்த விஷயத்துக்கெல்லாம் மூலபுருஷன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அது கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். 1958-ல் பிறந்தவர். 1977-ல், 18 வயசில், எலும்புப் புற்றுநோய் என்று சொல்லி வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிறகு 16 மாதம் கீமோதெரபி. அந்த வார்டில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தவர், தான் மட்டும் பிழைத்துப் போவது நியாயமில்லை என்று நினைத்தார். செயற்கைக் காலோடு கனடாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பது என்று முடிவு. 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் கிளம்பினார். தினம் ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான் தூரம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1-ஆம் தேதி தண்டர் பே என்ற ஊர் அருகே நெஞ்சு வலித்து நிறுத்தினார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28-ல் இறந்து போனார். 23 வயசு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவர் கேட்டது என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு டாலர். கனடாவில் எத்தனை பேரோ அத்தனை டாலர். ஆரம்பத்தில் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்று ஒரு சின்ன ஊர், சுமார் 10,000 பேர். அந்த ஊர் 10,000 டாலர் கொடுத்தது. தலைக்கு ஒன்று! மனுஷனுக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். 1981 பிப்ரவரியில் மொத்த வசூல் 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. அப்போது கனடாவின் ஜனத்தொகையும் கிட்டத்தட்ட அதேதான். கேட்டது கிடைத்தது, அவர் உயிரோடு இருக்கும்போதே.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒற்றை ஆளாக ஓடும் அந்தப் பையனைத்தான் காட்டுவார்கள். சிலையும் அப்படித்தான். ஆனால் அவர் பின்னால் ஒரு வேன் போய்க் கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் அவருடைய பள்ளித் தோழர் டக் ஆல்வர்ட். சமைத்ததும் அவரே, கிலோமீட்டர் எண்ணியதும் அவரே. சின்ன வேனுக்குள் ரெண்டு பேரும் நாளெல்லாம் இருந்து சண்டை முற்றிப் பேச்சுவார்த்தையே நின்று போக, டெர்ரியின் தம்பி டாரல் வந்து சேர்ந்துகொண்டார். 17 வயசுப் பையன். இந்த மூவர் இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை. டெர்ரி போன பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. 1981 செப்டம்பரில் நடந்த முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். இன்று வரை சேர்ந்த தொகை 80 கோடி கனடா டாலருக்கு மேல். நம் மும்பையிலும், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும்கூட அவர் பேரில் ஓடியிருக்கிறார்கள்.

குழுவாகச் செய்வதற்கு இன்னொரு உதாரணம் அமெரிக்காவில் டகோமா நகரில் இருந்த கோர்டன் கிளாட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். 1985 மே மாதம் ஒரு ஸ்டேடியத்தைத் தனியாக 24 மணி நேரம் சுற்றினார். 83 மைல். நண்பர்கள் 25 டாலர் கொடுத்தால் அரை மணி நேரம் அவரோடு கூட ஓடலாம், நடக்கலாம். 27,000 டாலர் சேர்ந்தது. இரவில் சுற்றிக் கொண்டிருக்கும்போதே அவருக்கு யோசனை வந்துவிட்டது: இதை ஒருத்தர் செய்வதைவிடக் குழுக் குழுவாக மாற்றி மாற்றிச் செய்தால்? அடுத்த வருஷம் 19 குழுக்கள் வந்தன. அதுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் 'ரிலே ஃபார் லைஃப்'. அதில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. முதல் சுற்றில் நோயிலிருந்து மீண்டவர்கள் மட்டும் நடப்பார்கள். மற்றவர்கள் ஓரமாக நின்று கை தட்டுவார்கள். அதன் பிறகு எல்லாரும் ஒன்றாகிவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு மரியாதை, மிச்சச் சுற்றுகளுக்குச் சமம். இந்த அளவு ரொம்பச் சரி என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கிளையில் கேஷ் கவுண்ட்டரில் ஒரு பெண்மணி இருந்தார். மராட்டிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். 'தாயி' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மராட்டியில் அக்கா. நோட்டு எண்ணுவதில் மெஷினோடு போட்டி போடுவார். மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து 10 மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்ததால் அந்தக் கை வீங்கும், கனம் தூக்கக் கூடாது. கேஷ் பெட்டி தூக்க முடியாது. சரி என்று விசாரணை கவுண்ட்டரில் உட்கார வைத்தார்கள். அதுவரை சரி. அதற்கப்புறம்தான் கூத்து.

யாரும் அவரிடம் வேலை சொல்வதில்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்க தாயி." டிபன் பாக்ஸ் திறந்தால் எல்லார் பார்வையும் அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதில்தான். கஸ்டமர்கள் குரலைத் தாழ்த்தி "இப்ப எப்படி இருக்கு?" என்பார்கள். எல்லாம் அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க வரவு, வரவு, வரவு என்றே ஒரு கணக்கு ஓடினால் அது என்ன கணக்கு? பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு வேண்டும் என்று. அவரிடம் யாரும் எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. "பேசாம வி.ஆர்.எஸ். வாங்கிட்டுப் போயிடலாம்னு இருக்கு. வீட்ல இருந்தா நோயாளி, இங்க வந்தாலும் நோயாளி" என்று ஒருநாள் சொன்னார்.

மாரத்தானில் 'ட்ரீம் ரன்' என்று 6 கிலோமீட்டர் பக்கத்தில் ஒன்று உண்டு. ஓட வேண்டும் என்றுகூட இல்லை, நடக்கலாம். புற்றுநோய்க் குடும்பங்களுக்கு உதவும் ஓர் அமைப்புக்காக எங்கள் கிளையிலிருந்து 11 பேர் குழு சேர்ந்தது. குழு சேர்த்தவர் தாயி. செக்யூரிட்டி கார்டு முதல் சீனியர் மேனேஜர் வரை யாரையும் விடவில்லை. கணக்கும் அவர் கையில். ரொக்கம் வாங்கக் கூடாது, எல்லாம் நேராக அமைப்பின் கணக்குக்கே போக வேண்டும் என்று முதல் நாளே சட்டம். ஒரு நீளமான ரிஜிஸ்டர் நோட்டு வாங்கிக் கோடு போட்டு, தேதி, பேர், தொகை, ரசீது எண் என்று எழுதி, தினம் சாயங்காலம் டேலி பார்ப்பார். 100 ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போக மாட்டார். அந்த ரெண்டு மாதத்தில் அவரிடம் "இப்ப எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. "தாயி, கலெக்ஷன் எவ்வளவு ஆச்சு?" என்றுதான் கேட்டார்கள். கேள்வி மாறியதே, அதைத்தான் நான் இரண்டாவது பாதி என்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. பழைய கஸ்டமர் ஒருவருக்கு நன்கொடைக்காகப் போன் செய்கிறார். அவர் ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி எட்டு மாதமாக இருப்பதாகவும் டாக்டரிடம் போக அந்த அம்மாள் மறுப்பதாகவும் சொல்கிறார். தாயி சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய், அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். புற்று இல்லை, சாதாரண நீர்க்கட்டி. எட்டு மாதம் ஒரு குடும்பம் தூங்காமல் கிடந்தது ஒரு நாளில் தீர்ந்தது. நேராகப் பணம் அனுப்பியிருந்தால் இது நடந்திருக்குமா? நன்கொடை கேட்பது என்பது பேச்சை ஆரம்பிப்பது. நம் வீடுகளில் அந்த நோயின் பேரையே சொல்லாமல் "அந்த வியாதி" என்றுதான் இன்னமும் சொல்கிறார்கள். பேச்சு வந்தால்தான் டாக்டர் வருவார்.

அந்த வருஷம் அவருக்கு ஆறு மாதச் செக்கப் பிப்ரவரியில். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயம் இருக்கு. ஆனா ஜனவரி முடியிற வரைக்கும் அதுக்கு டைம் இல்ல" என்றார்.

சரி, எதிர்ப்பக்கம் சொல்வதையும் பார்ப்போம். முதலாவது, இது அரசாங்கத்தின் வேலை என்பார்கள். ஆமாம், பெரும்பகுதி அரசாங்கத்தின் வேலைதான். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் புதிதாக 14.6 லட்சம் பேருக்குப் புற்றுநோய் என்று ஐ.சி.எம்.ஆர். பதிவேட்டின் மதிப்பீடு. இதை 11 பேர் குழு தீர்க்க முடியாது. பரேலில் டாடா மெமோரியல் 1941-ல் ஆரம்பித்தது ஒரு டிரஸ்ட் என்றாலும், 1962 முதல் அது மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ்தான் இருக்கிறது. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு உண்டு. ஆனால் பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்து ஆறு மாதம் தங்க வேண்டிய குடும்பத்துக்கு வாடகை? சாப்பாடு? ஊரில் போன கூலி? பரேல் பிளாட்பாரத்தில் ஃபைலைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலையும், 2006 முதல் குழந்தைகளோடு பெற்றோரையும் இலவசமாகத் தங்க வைக்கும் செயின்ட் ஜூட்ஸ் போன்ற இல்லங்களும் அந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. தங்க இடமில்லாமல் பாதி சிகிச்சையில் ஊர் திரும்பினால், இலவச மருந்து இருந்தும் பிரயோஜனமில்லை.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி சேர்த்து 1954-ல் 12 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ஊர் கூடி இழுத்த தேர் அது.

இரண்டாவது ஆட்சேபம், கம்பெனி விளம்பரம். இதில் நான் எதிர்க்கட்சியோடு பாதி சேர்ந்துகொள்வேன். கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பணத்தில் ஒரு செக் கிழித்துவிட்டு, ஊழியர்களுக்கு லோகோ போட்ட டி-ஷர்ட் மாட்டி போட்டோ எடுத்துக்கொண்டால் அது நிதி திரட்டல் இல்லை, பிக்னிக். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. டெர்ரி ஃபாக்ஸ் தன் ஓட்டத்தில் எந்தக் கம்பெனியும் லாபம் பார்க்க விடவில்லை. அவர் பேரில் நடக்கும் ஓட்டத்துக்கு இன்றும் நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசு இல்லை, போட்டி இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இந்த 'போராடி வென்றவர்' பேச்சு. மேடையில் ஏற்றி, மாலை போட்டு, "இவர் கேன்சரை ஜெயித்தவர்" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் குழுவில் இரண்டாவது வருஷம் வேறு கிளையிலிருந்து ஒருவர் சேர்ந்தார். அவரும் மீண்டவர். டிசம்பரில் நோய் திரும்பியது. ஜனவரிக்கு இல்லை. அவர் தோற்றுவிட்டாரா? சரியாகப் போராடவில்லையா? 22 வயசில் போன டெர்ரி தோற்றவரா? ஜெயிப்பது தோற்பது எல்லாம் கிரிக்கெட்டுக்கு. அந்த மனிதர் போவதற்கு முன் 14 பேரிடம் பேசி ரசீது வாங்கிக் கொடுத்திருந்தார். தாயியின் ரிஜிஸ்டரில் அந்த 14 வரியும் அப்படியே இருக்கிறது. அவர் குழுவில் இருந்தார், தன் பங்கைச் செய்தார். அவ்வளவு போதும்.

ஒற்றை நாயகனை நம்பி இதைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் இருக்கிறார். புற்றுநோயிலிருந்து மீண்ட சைக்கிள் வீரர், 1997-ல் அறக்கட்டளை தொடங்கினார், 2004-ல் அந்த மஞ்சள் ரப்பர் வளையத்தை உலகமே கையில் மாட்டிக்கொண்டது. 2012-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டங்கள் பறிபோயின, அறக்கட்டளைத் தலைமையிலிருந்தும் விலகினார். அமைப்பு அவர் பேரைத் தன் பேரிலிருந்து எடுத்துவிட்டுத்தான் தொடர வேண்டியிருந்தது. நாயகன் விழுந்தால் எல்லாம் ஆடும். குழுவில் ஒருத்தர் போனாலும் நோட்டை இன்னொருத்தர் எடுத்து எழுதுவார்.

அதற்காக மீண்டவர் எல்லாரும் நிதி திரட்ட வர வேண்டும் என்று சொல்லவில்லை. சிலருக்கு அந்த நோயை மறந்துவிட்டு இருப்பதுதான் நிம்மதி. அவர்களை வற்புறுத்துவது பாவம். வருகிறேன் என்பவர்களுக்காகச் சில யோசனைகள், வங்கிக்காரன் பாணியில்:

1. மேடையில் பேச வைக்காதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள். கணக்கு, போன், குழு சேர்ப்பது, எதுவானாலும் சரி. போஸ்டரில் முகம் போடுவதென்றால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

2. ரொக்கம் வேண்டவே வேண்டாம். பணம் நேராக அமைப்பின் கணக்குக்குப் போகட்டும். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்த எத்தனையோ காரியம் யார் பாக்கெட்டில் எவ்வளவு என்ற பேச்சில் முடிந்திருக்கிறது.

3. அமைப்பின் வருஷாந்திர ஆடிட் கணக்கைக் கேளுங்கள். தர யோசித்தால் வேறு அமைப்பைப் பாருங்கள்.

4. நுழைவுக் கட்டணம், டி-ஷர்ட், வாழைப்பழம் எல்லாம் அவரவர் கைக்காசு. திரட்டியதில் தொடாதீர்கள்.

5. ஓட்டத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கை வீக்கம் உள்ளவர், மருந்தில் இருப்பவர் எல்லாம் நடந்தால் போதும். டைமிங் பார்க்க யாரும் இல்லை.

6. கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வருஷம் கேட்க முகம் வேண்டாமா? :-)

தாயி வி.ஆர்.எஸ். வாங்கவில்லை. ரிஜிஸ்டர் மூன்றாவது வருஷத்தில் இருக்கிறது. உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் ஓரமாக, லைட் ட்யூட்டியில், எல்லார் கருணையையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் போய் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இந்த வருஷம் ஒரு டீம் போடலாமா, கணக்கு நீங்க பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றாலும் நஷ்டமில்லை. சரி என்றால் ஒரு நல்ல நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

பி.கு.: நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா என்று நிச்சயம் யாராவது கேட்பீர்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு உண்டு, அமைப்புக்கு அந்த அங்கீகாரம் இருந்தால். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய முறைக்கு மாறியவர்களுக்கும் கிடையாது. சலுகை இல்லை என்றாலும் ரசீதை வாங்கி வையுங்கள். தாயி டேலி பார்க்க வேண்டும்.